தூற்றிய நெல்லுக்குப் பத்தாயம் எங்கே?

(கோவையில் பொறியியல் மாணவர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன் சுருக்கமாகவும் சுவையாகவும் பேசி அமர்ந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் வருகை தந்திருக்கும் அலுவலர் பெருமக்களே, மின்வாரியத்தில் எனக்கு மூத்தவராக இருந்து தொழில் கற்றுக்கொடுத்து, எண்பத்தெட்டு வயதிலும் முதல் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் என் ஆசான் அவர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். என் ஆசான் எதிரில் இருக்கும்போது நான் ஒலிபெருக்கியின் முன் நிற்பதே கூச்சமாக இருக்கிறது. அவர் அனுமதித்தார் என்பதால் பேசுகிறேன். அழைப்பிதழைத் தம் கையாலேயே எழுதி, வீடு தேடி வந்து கொடுத்த மன்றச் செயலாளருக்கும் என் நன்றி.

கரியைக் குறைத்த மின்சாரத்துக்கு மாறுவதில் பொறியாளர்களுக்கு முன்னால் நிற்கும் சவால்கள் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதில் நான்கு செய்திகளைச் சொல்ல எண்ணி வந்திருக்கிறேன். முதலாவது, காற்றும் வெயிலும் தரும் மின்சாரத்தைச் சேமிப்பது. இரண்டாவது, மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்தொகுப்பின் அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் காப்பது. மூன்றாவது, மின்பாதைகள். நான்காவது, உங்கள் கோவையின் வார்ப்பாலை உலைகளையும் திருப்பூரின் சாயப்பட்டறைக் கொதிகலன்களையும் என்ன செய்வது என்பது.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறை புதிதன்று. பைக்காராவில் 1932-ஆம் ஆண்டிலேயே புனல் மின்சாரம் எடுத்தவர்கள் நாம். நாட்டின் முதல் செயல்விளக்கக் காற்றாலைகள் 1986-இல் அமைக்கப்பட்டபோது தூத்துக்குடியும் அந்த இடங்களில் ஒன்றாக இருந்தது. இன்று ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும், உங்கள் வாசலிலேயே இருக்கும் பாலக்காட்டுக் கணவாயிலும் நிற்கும் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்ற பழமொழியை இந்த நாற்பது ஆண்டுகளில் நம்மைப் போல் நிறைவேற்றிக் காட்டிய மாநிலங்கள் மிகச் சில என்று பெருமையோடு சொல்வேன்.

அந்தப் பழமொழிக்குச் சொல்லப்படாத மறுபாதி ஒன்று உண்டு என்பதை நான் எங்கள் அத்தையிடம் கற்றேன். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

எங்கள் ஊர் நாஞ்சில் நாட்டில், தோவாளைக்குப் பக்கம். எனக்கு அப்போது பத்து வயது. ஆவணி மாதம், கன்னிப்பூ என்னும் முதல் போக அறுவடை. அத்தை கணவரை இழந்தவர்; ஒன்றரை ஏக்கர் வயலைத் தானே நின்று பார்த்துக்கொண்டார். சூடடித்து முடித்து, இன்னும் தூற்றாத நெற்குவியலான பொலி களத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. எப்போதும் ஆளைத் தள்ளும் எங்கள் ஊர்க் காற்று, அந்த ஆண்டு பார்த்து இரண்டு நாள் அசையாமல் நின்றுவிட்டது. அத்தை பொலியின்மேல் வைக்கோலைப் பரப்பி மூடி, பக்கத்திலேயே கயிற்றுக்கட்டிலைப் போட்டுக் காவலுக்குப் படுத்தார். துணைக்கு நான். பக்கத்துக் களத்தில் எங்கள் உறவுக்காரர் ஒருவருடைய பொலியும் அதேபோல் கிடந்தது; அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் நடுச்சாமம் கடந்து வடமேற்கிலிருந்து காற்று எழுந்தது. அத்தை என்னை உலுக்கி எழுப்பினார். “ஓடுலே, எல்லாரையும் எழுப்பிட்டு வா” என்றார். நான் இருட்டில் ஓடி, வேலைக்காரர்கள் வீட்டுக் கதவையும், உறவுக்காரர் வீட்டுக் கதவையும் தட்டினேன். வேலைக்காரர்கள் அரிக்கேன் விளக்கோடு வந்தார்கள். உறவுக்காரர் படுத்த இடத்திலிருந்தே, “விடியட்டும், பார்த்துக்கலாம்” என்று குரல் கொடுத்தார். அத்தை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, முக்காலியின்மேல் ஏறி நின்று, சுளகைத் தலைக்கு மேல் உயர்த்திச் சரித்தார். நெல் நேராக இறங்கியது, பதர் பத்தடி தள்ளிப் பறந்தது. விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தூசு பொன்னாகப் பறந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. விடியும்போது எங்கள் களத்தில் சுத்தமான நெல் குவிந்திருந்தது. காலை எட்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. உறவுக்காரருடைய பொலி நனைந்து, நான்காம் நாள் முளைவிட்டது.

இதுவரை கேட்டால் பழமொழிக்கு ஏற்ற கதை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அத்தை வீட்டில் நெல்லைச் சேமிக்கும் மரப் பத்தாயத்தை முந்தைய ஆண்டே கரையான் அரித்திருந்தது. கீழ்ப்பலகையை மாற்றித் தருவதாகச் சொன்ன ஆசாரி வரவில்லை. அத்தையிடம் பலகை வாங்கப் பணமும் இல்லை. தூற்றிய நெல்லை வைக்க இடமில்லாமல் திண்ணையிலும் அடுக்களையிலும் சாக்கு விரித்துக் கொட்டினார்கள். ஈரக்காற்றில் நெல் வாடை அடிக்கத் தொடங்கியதும் வியாபாரி வந்தார். அவர் சொன்ன விலைக்கு அத்தை தலையசைத்தார். தை பிறப்பதற்குள் வீட்டில் அரிசி தீர்ந்து, அதே வியாபாரியிடம் இரட்டை விலைக்கு வாங்கிச் சமைத்தோம். உங்கள் பக்கம் குதிர் என்பீர்கள், நெல்லைச் சீமையில் குலுக்கை என்பார்கள், நாங்கள் பத்தாயம் என்போம். பெயர் எதுவானாலும், அது இல்லாத வீட்டில் தூற்றிய நெல்லின் விலையை வேறொருவர்தான் சொல்வார்.

தமிழ்நாட்டின் மின்சாரம் இன்று அத்தையின் திண்ணையில் கொட்டிய நெல்லாகத்தான் கிடக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் காற்று பெருகும் இரவில் தேவை குறைந்திருக்கும். நண்பகலில் சூரியத் தகடுகள் முழுவீச்சில் இயங்கும்போது மின்சந்தையில் விலை சரியும். சூரியன் மறைந்து வீடுகளில் விளக்கும் குளிர்சாதனமும் ஒருசேர இயங்கத் தொடங்கும் மாலையில், அதே சந்தையில் விலை யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பைப் போய்த் தொடும் நாட்கள் உண்டு. மாநிலத்தின் உச்சத் தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைக் கடந்தது. விலை சரிந்த நேரத்தில் விற்கவும் உச்சிக்கு ஏறிய நேரத்தில் வாங்கவும் வேண்டியிருக்கிறது. சில வேளைகளில் விற்கவும் வழியின்றிக் காற்றாலைகளை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பணியில் இருந்தபோது, ஒரு துணைமின் நிலையத்தில் இரவுப் பணியில் அமர்ந்து, நல்ல காற்றடிக்கும் நேரத்தில் ஒவ்வொரு காற்றாலைப் பாதையாகத் துண்டிக்கும் உத்தரவை நானே தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். எதிர்முனையில் இருந்த இளைஞன், “சார், காத்து இப்பத்தான் வந்துச்சு” என்றான். அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அனல்மின் நிலையங்களைக் குறைத்து ஓட்டக் கூடாதா என்று கேட்கலாம். குறைக்கலாம். மத்திய மின்சார ஆணையம் 2023-இல் கொண்டுவந்த விதிகள், நிலக்கரி நிலையங்கள் தம் திறனில் 55 விழுக்காடு வரையும், பின்னர் படிப்படியாக 40 விழுக்காடு வரையும் இறங்கி ஓடப் பழக வேண்டும் என்கின்றன. ஆனால் சீராக எரிவதற்கென்று வடிவமைத்த கொதிகலனை நாள்தோறும் ஏற்றி இறக்கினால், அதன் குழாய்களும் தடித்த உலோகப் பாகங்களும் வெப்பத்தால் விரிந்து சுருங்கிக் களைத்துப்போகும். எரிபொருள் செலவும் யூனிட்டுக்குக் கூடும்.

ஆகவே பத்தாயம் வேண்டும். அந்தப் பத்தாயம் இந்த மண்டபத்திலிருந்து பார்த்தால் தெரியும் ஆனைமலையில் 1980-களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. காடம்பாறை நீரேற்று மின் நிலையத்தைத்தான் சொல்கிறேன். மலையைக் குடைந்து அமைத்த அந்த நிலவறையில் 100 மெகாவாட் எந்திரங்கள் நான்கு இருக்கின்றன. மேலே காடம்பாறை நீர்த்தேக்கம், கீழே மேல் ஆழியாறு. மின்சாரம் மிகும் நேரத்தில் எந்திரம் மோட்டாராகச் சுழன்று கீழ்த் தேக்கத்து நீரை மேலே ஏற்றும். மின்சாரம் தேவைப்படும் நேரத்தில் அதே நீர் இறங்க, அதே எந்திரம் எதிர்த்திசையில் சுழன்று மின்னாக்கியாகும். ஆயிரம் லிட்டர் நீரை 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் அதில் அடங்கும் ஆற்றல் சரியாக ஒரு யூனிட். மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஏற்றி இறக்குவதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இழப்பு உண்டு. நிறுத்திவைத்த காற்றாலையில் இழப்பு முழுமையானது என்பதை நினைத்தால் அது சிறிது. அனல்மின் நிலையத்தின் இரவு மிகுமின்சாரத்தை எண்ணி அன்று கட்டியவர்கள், இன்றைய காற்றுக்கும் வெயிலுக்கும் சேர்த்தே கட்டிவைத்துவிட்டார்கள். அந்தத் தலைமுறைப் பொறியாளர்களில் ஒருவர் முதல் வரிசையில் இருக்கிறார். அவரை நோக்கி மீண்டும் ஒருமுறை கைகூப்புகிறேன்.

அதன் பிறகு நாம் என்ன கட்டினோம்? நீலகிரியில் போர்த்திமந்து அணையை மேல் தேக்கமாகவும், அவலாஞ்சி – எமரால்டு அணைகளைக் கீழ்த் தேக்கமாகவும் கொண்ட குந்தா நீரேற்று புனல் மின் திட்டம், 125 மெகாவாட் எந்திரங்கள் நான்கு கொண்டது, பல ஆண்டுகளாகக் கட்டுமானத்தில் இருந்து வந்திருக்கிறது. மேற்கு வங்கத்தின் புருலியாவில் 900 மெகாவாட் நிலையம் 2000-களிலேயே வந்துவிட்டது. சீனாவின் ஃபெங்னிங்கில் ஒரே நிலையம் 3,600 மெகாவாட். காற்றில் இவ்வளவு முன்னால் போன மாநிலம் சேமிப்பில் இவ்வளவு பின்தங்கலாமா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நம்புகிறேன். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். தூற்றியதை எங்கே வைப்பது என்று திட்டக் குழுவின் மேசையில் யாராவது கேட்க வேண்டும்.

மின்கலங்கள் வந்துவிட்டனவே என்று இளைஞர்கள் கேட்பீர்கள். வரட்டும். நொடிகளில் எதிர்வினை காட்டுவதற்கும், இரண்டு நான்கு மணி நேரத் தேவைக்கும் லித்தியம் மின்கலம் மிகச் சிறந்தது. அதன் விலை விழுந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகளில் அதை மாற்ற வேண்டும். மூலப்பொருளுக்கு வெளிநாட்டை நம்ப வேண்டும். காடம்பாறையின் சுரங்கமும் அணையும் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும்.

காட்டைப் பற்றிய கவலையை நான் ஒதுக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் நம் ஆறுகளின் தாய்மடி. புதிதாக ஒரு பள்ளத்தாக்கை மூழ்கடிக்கும் எந்தத் திட்டத்துக்கும் நான் கைதூக்க மாட்டேன். ஏற்கெனவே இருக்கும் இரண்டு நீர்த்தேக்கங்களை நிலத்தடிச் சுரங்கத்தால் இணைப்பது வேறு. ஆந்திரத்தின் பின்னாபுரத்தில், ஆற்றுக்குக் குறுக்கே அணை எழுப்பாமல், ஆற்றோட்டத்திலிருந்து விலகிய தேக்கங்களைக் கொண்டு 1,680 மெகாவாட் திட்டம் அமைத்திருக்கிறார்கள். கரடுகளிலும் கைவிடப்பட்ட கல்குவாரிகளிலும் அப்படிச் செய்ய முடியுமா என்று நாமும் அளந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். அனல் நிலையத்திலும் புனல் நிலையத்திலும் பல டன் எடையுள்ள சுழலிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கோ ஒரு நிலையம் திடீரென நின்றால், அந்தச் சுழலும் எடையின் நிலைமம்தான் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சட்டென்று சரியாமல் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கிறது. சூரியத் தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. அதன் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் கருவியான இன்வெர்ட்டர், தொகுப்பு காட்டும் தாளத்துக்குப் பின்பாட்டுப் பாடுவதுதான் வழக்கம். தாளத்தைத் தானே அமைக்கும் இன்வெர்ட்டர்கள் இப்போதுதான் பரவிவருகின்றன. ஸ்பெயினும் போர்ச்சுகலும் 2025 ஏப்ரல் 28-ஆம் தேதி நண்பகலில் சில நொடிகளில் இருண்டுபோயின. அங்கே மின்னழுத்தம் கட்டுக்கு அடங்காமல் உயர்ந்து, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொகுப்பிலிருந்து கழன்றன. மின்னழுத்தத்தை ஆளும் ‘ரியாக்டிவ் பவர்’ எவ்வளவு முக்கியம் என்பதை நம் பழைய காற்றாலைகளோடு வேலை செய்தவர்கள் அறிவார்கள். 250 கிலோவாட் தூண்டல் மின்னாக்கிகள் தொகுப்பிலிருந்தே அதை உறிஞ்சும், அந்தக் குறையை ஈடுகட்டும் மின்தேக்கி பழுதானால் அந்தப் பாதை முழுவதும் அழுத்தம் விழும். நீரேற்று நிலையத்தின் எந்திரமோ சுழலும் எடையும் தரும், தேவைப்பட்டால் ரியாக்டிவ் பவரைக் கொடுக்கவோ வாங்கவோ செய்யும். சேமிப்புக்காகக் கட்டும் நிலையம் இந்த இரண்டாவது சவாலிலும் தோள் கொடுப்பதால்தான் நான் அதையே திரும்பத் திரும்பப் பேசுகிறேன்.

மின்பாதைகளைப் பற்றி ஒன்றே சொல்வேன். 2012 ஜூலை 30, 31 நாட்களில் வட இந்தியா இருண்டபோது தென்னகம் தப்பியது. நம் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படாமல் இருந்தது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் – சோலாப்பூர் பாதை வழியே இணைந்தோம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை, 6,000 மெகாவாட் திறனோடு, பின்னர் வந்தது. பாதைகள் நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டிகள். எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் வெயில் அடிக்கும் நாளில் வண்டி எங்கே போய் இறக்கும்?

வார்ப்பாலைகளைப் பற்றிப் பேச நேரம் இல்லை என்று தலைவர் மணியைக் காட்டுகிறார். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், அழைத்தால் வருகிறேன்.

முடிப்பதற்கு முன் இரண்டு வேண்டுகோள்கள். சட்டமன்ற உறுப்பினர் அவர்கள், குந்தாவின் எந்திரங்கள் ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் சுழலும், அடுத்த நீரேற்றுத் திட்டத்துக்கான ஆய்வு எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விகளை அடுத்த கூட்டத்தொடரில் அவையில் கேட்க வேண்டும். மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஆனைமலையிலும் நீலகிரியிலும் ஏற்கெனவே இருக்கும் நீர்த்தேக்கங்களில், உயர வேறுபாடு 200 மீட்டருக்கு மேலும் இடைவெளி ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் உள்ள இணைகள் எத்தனை என்று பட்டியலிடுங்கள்; ஒவ்வொன்றுக்கும் நடுவில் காடு இருக்கிறதா, தேயிலை இருக்கிறதா, குடியிருப்பு இருக்கிறதா என்று நேரில் போய்க் குறியுங்கள். பணிக்காலத்தில் நான் சேர்த்த மலைப்பகுதி நிலவரைபடங்கள், சமவுயரக் கோடுகளின்மேல் என் பென்சில் குறிப்புகளோடு, இதோ இந்தத் துணிப்பையில் இருக்கின்றன. அவற்றை இந்த மேடையிலேயே மன்றச் செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். நன்றி, வணக்கம்.