சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்

நடுவர் அவர்களே, பந்திங் கோயில் மண்டபத்தில் சாப்பாட்டு வாசத்தையும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

மலாயாத் தமிழரை விழிக்க வைத்தது காலனி ஆட்சி தந்த வசதியா, ரப்பர் தோட்டத்து மக்களின் தன்மானமா? நான் தன்மானத்தின் பக்கம்.

எதிரணித் தலைவர் ரயில், ரோடு, பள்ளிக்கூடம் என்று அடுக்கினார். ரயிலும் ரோடும் ரப்பரைத் துறைமுகம் சேர்க்கப் போட்டவை. நாமும் ஏறிக்கொண்டோம், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் கொஞ்சம் வலுவான வாதம். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. உண்மைதான். ஆனால் பல இடங்களில் வாத்தியார் யார்? வேலையாட்களை மேய்க்கும் கங்காணி, இல்லாவிட்டால் கணக்கெழுதும் கிராணி. விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பெயர் கூப்பிட்டவரே அப்புறம் அ, ஆ சொல்லிக்கொடுத்தார். அந்த அரைகுறை எழுத்தை வைத்துக்கொண்டு 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ பத்திரிகை வரை படித்தது நம் ஆட்களின் சாமர்த்தியம்.

இப்போது பக்கத்துக் கிள்ளானுக்கு வாருங்கள். வருடம் 1941. ஆர்.எச்.நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பின்னால் திரண்டு தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குத் தரும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். சரி, அது வயிற்றுப்பாடு. மற்றதைக் கேளுங்கள். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே. எங்கள் பெண்கள் மேல் கை வைக்காதே. சொந்தபந்தம் தோட்டத்துக்கு வந்து போக விடு. கள்ளுக்கடையை மூடு.

சைக்கிளில் உட்கார்ந்தபடியே போனால் சம்பளத்தில் ஒரு காசு கூடுமா நடுவர் அவர்களே? அதற்காகவும் வேலையை நிறுத்தினான். கள்ளுக்கடை அதைவிட ஆச்சரியம். கொடுத்த கூலியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் கடை அது. அங்கே குடித்தவனே அதை மூடு என்கிறான்! (வீட்டுக்காரி சொல்லியிருப்பாள், அது வேறு கதை.)

ஆட்சி என்ன செய்தது? மே மாதம் நாதனைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தியது. ராணுவத்தை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். விழிப்பைக் கொடுத்தவனா விழித்தவனைச் சுடுவான்?

‘அவன் அடித்ததால்தானே எழுந்தீர்கள்’ என்று எதிரணி மடக்கப் பார்க்கும். அடி என்ன 1941இல் புதிதாக வந்ததா? ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் எடுப்பது 1910இல் நின்றது. அந்தக் காலத்திலேயே அடிதான். அடியே எழுப்பும் என்றால் எங்கள் பாட்டன்மார் எப்போதோ எழுந்திருக்க வேண்டும். நடுவில் 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தார். சாதி பார்த்து லயத்து வரிசை வீடுகளை ஒதுக்கிய தோட்டங்கள் இருந்த ஊரில் சுயமரியாதைப் பேச்சு பரவியது. கங்காணி முன் நிமிரப் பழகாதவன் துரை முன் எப்படி நிமிர்வான்?

1943இல் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த ஜான்சி ராணி பெண்கள் படையில், இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத தோட்டத்துப் பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். பால்மரம் வெட்டிய கையில் துப்பாக்கி பிடித்தார்கள். அவர்களை எழுப்பியது எந்த ரயில், எந்த ரோடு? அடுத்துப் பேச வரும் எதிரணி அக்கா இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். மணி அடித்துவிட்டது, உட்காருகிறேன்.