ஏரியலின் மறுபாதி

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேசப்போவதும் ரேடியோவைப் பற்றித்தான். ஆனால் நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் வகை இல்லை. நெடுந்தூரப் பயணத்துக்கென்று வரும் கனத்த மோட்டார் சைக்கிள்களில் பொருத்துகிறார்களே, அந்த சி.பி. ரேடியோ. சிட்டிசன்ஸ் பேண்ட் என்பதன் சுருக்கம் அது. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குவது. அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் 19ஆம் சேனலில் பேசிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கூட்டமாகப் போகிற பைக்காரர்களும் அதை வைத்திருக்கிறார்கள்.

அவர்களிடம் ஒரு தீராத புலம்பல் உண்டு. லாரிக்காரர்கள் பத்து கிலோமீட்டர் தள்ளிப் பேசிக்கொள்கிறார்கள், என் குரல் இரண்டைத் தாண்டவில்லையே என்பார்கள். உடனே, வாட்டைக் கூட்டினால் என்ன என்று தோன்றும். அமெரிக்கச் சட்டப்படி ஏ.எம். முறையில் 4 வாட்தான் உச்சம். பூஸ்டர் மாட்டுவது குற்றம். சட்டம் கிடக்கட்டும், கணக்கே ஒத்துவராது. வாட்டை இரண்டு மடங்காக்கினால், சிக்னல் வலிமையை அளக்கும் டெசிபல் கணக்கில் 3தான் கூடும். எதிராளியின் சிக்னல் மீட்டரில் முள் ஒரே ஒரு கோடு ஏறுவதற்கு நான்கு மடங்கு வாட் வேண்டும்.

அப்படியானால் எங்கே குறை? ஏரியலில். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கு என்றாலே ஒன்பது அடிக் கம்பி. பைக்கின் பின்னால் அதை நட்டுக்கொண்டு போனால் மரக்கிளை ஒன்றும் சும்மா விடாது. அதனால் நாலைந்து அடிக் கம்பியில் ஒரு சுருளைச் சேர்த்து, நீளமான கம்பி மாதிரி ரேடியோவை நம்பவைக்கிறோம். ரேடியோ ஏமாறும், காற்று ஏமாறாது; கம்பி குட்டையாகக் குட்டையாக, வெளியே போகிற அலை மெலிந்துகொண்டே வரும். வண்டி தாங்குகிற அளவுக்கு நீளமான கம்பியாகப் பார்த்து மாட்டுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கம்பி பாதி ஏரியல்தான். மறுபாதி அதன் அடியில் இருக்கிற உலோகம். காரில் கூரை முழுக்கத் தகடு, கவலை இல்லை. பைக்கில் பின்பெட்டி பிளாஸ்டிக். மிஞ்சுவது ஃப்ரேம் மட்டும்தான், அதுவும் ஏரியலோடு சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தால்.

என் வண்டியில் தொடவில்லை. இது தெரியாமல் ஒரு வருஷம் ரேடியோவைத் திட்டினேன், கேபிளை மாற்றினேன், கடைசியில் ரேடியோவையே மாற்றினேன். ஏரியலைத் தாங்கும் பிராக்கெட்டின் அடியில் பளபளவென்று பெயின்ட் இருந்தது. அது மின்சாரத்தை விடுமா? உப்புத்தாள் கொண்டு சுரண்டி, பின்னல் செம்புப் பட்டை ஒன்றால் பிராக்கெட்டை ஃப்ரேமோடு முடுக்கினேன். செலவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அன்று சாயங்காலம் குரல் போன தூரத்தைப் பார்த்துவிட்டு, பழைய ரேடியோவை விற்றதை நினைத்து வயிறு எரிந்தது.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. அனுப்பிய சக்தியில் ஏரியலிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும். 1.5க்குள் இருந்தால் நிம்மதி, 2 வரை பரவாயில்லை. 3 என்றால் கால் பங்கு திரும்பி வருகிறது. ரேடியோ சூடேறிக் கெட்டுப்போகலாம். முதல் சேனலான 1லும் கடைசிச் சேனலான 40லும் அளந்து பாருங்கள். 40இல் அதிகமாகக் காட்டினால் கம்பி நீளம், 1இல் அதிகமென்றால் குட்டை. வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, பெட்டியை மூடி, நீங்கள் ஏறி உட்கார்ந்தபடி அளக்கவேண்டும். உங்கள் உடம்பும் கணக்கில் சேரும். ஆனால் அந்த முள்ளையே தெய்வமாக்காதீர்கள். ஏரியலுக்குப் பதிலாக 50 ஓம் ரெசிஸ்டரை மாட்டினாலும் அழகாக 1 காட்டும். குரல் மட்டும் எங்கும் போகாது.

அப்புறம், இரைச்சல். ஏ.எம். முறையில் என்ஜினின் ஸ்பார்க் பிளக்கில் வெடிக்கும் ஒவ்வொரு பொறியும் ரேடியோவுக்குள் நுழையும். என்ஜினை அணைத்ததும் தூரத்துக் குரல் தெளிகிறதென்றால் வில்லன் உங்கள் வண்டிதான். ரெசிஸ்டர் வகை பிளக் போடுங்கள். ரேடியோவுக்கான மின்கம்பியை ஃப்யூஸ் வைத்து நேரே பேட்டரியிலிருந்து எடுங்கள். பலர் என்ன செய்கிறார்கள் என்றால், இரைச்சல் தாங்காமல் ஸ்க்வெல்ச்சை, அதாவது மெலிந்த சிக்னலை அடைத்துவிடும் திருகை, ஏற்றிவிடுகிறார்கள். இரைச்சல் நிற்கும், கூடவே மெல்லிய குரல்களும் நின்றுவிடும். எஃப்.எம். முறையில் இந்தத் தொல்லை குறைவு. அமெரிக்காவில் சி.பி.க்கு 2021இல்தான் அதை அனுமதித்தார்கள். ஆனால் எதிராளியிடமும் எஃப்.எம். இருக்கவேண்டும். ஹெல்மெட் மைக்கை உதட்டை ஒட்டி வையுங்கள். காற்றுச் சத்தம் அடங்கும்.

இவ்வளவும் செய்தபிறகும் ஒருநாள், நாலு கிலோமீட்டர் பின்னால் வரும் நண்பர் கேட்காமல், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து யாரோ ஒருவர் காதுக்குள் பேசுவார். சூரியன் துடிப்பாக இருக்கும் வருஷங்களில், வானத்தில் உயரே இருக்கும் மின்னேற்ற அடுக்கான அயனமண்டலம் இந்த அலையைத் திருப்பியடிக்கும்போது நடக்கிற விளையாட்டு அது. அமெரிக்காவில் 2017 வரை 250 கிலோமீட்டருக்கு மேல் பேசுவதற்கே தடை இருந்தது. அப்படித் தூரத்துக் குரல் வரும் நாளில் உங்கள் ஏரியலைப் பாராட்டாதீர்கள், அதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. பதில் மட்டும் சொல்லுங்கள், அவரும் ஆச்சரியப்படட்டும்.

வணக்கம்.