வட்டம் என்றால் என்ன?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1984. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க இடம் கேட்டு வாய்மொழித் தேர்வுக்கு வந்திருக்கிறான் எட்வர்ட் ஃப்ரெங்கல். பதினாறு வயதுப் பையன். "வட்டம் என்றால் என்ன?" என்று கேட்கிறார்கள். "ஒரு தளத்தில், ஒரு புள்ளியிலிருந்து சமதூரத்தில் உள்ள புள்ளிகளின் தொகுப்பு" என்கிறான். தவறாம்! "எல்லாப் புள்ளிகளின் தொகுப்பு" என்று சொல்லியிருக்க வேண்டுமாம். நானும் கணக்கு வாத்தியார்தான். இத்தனை வருஷமும் அந்தப் பையன் சொன்ன மாதிரிதான் சொல்லிக்கொடுத்தேன். அதற்காக யாருக்கும் அரை மதிப்பெண்கூட நான் குறைத்ததில்லை.

மணிக்கணக்கில் குடைந்து கடைசியில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவன் அப்பா யூதர். காரணம் அவ்வளவுதான்.

எந்த நாட்டில் நடந்தது இது? பதினாறு வயது நிரம்பிய யாரும் சான்றிதழ் இல்லாமல், கட்டணம் இல்லாமல் உயர்கல்வியில் சேரலாம் என்று 1918 ஆகஸ்டில் லெனின் அரசு ஆணை போட்ட நாட்டில். ஆலைத் தொழிலாளியும் உழவரும் படிக்கத் தனித் துறைகளே திறந்த நாட்டில். அந்த ஆணையை இன்று படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதனால்தான் இந்த வலியும் பெரிதாக இருக்கிறது.

யூதப் பிள்ளைகளுக்கென்றே தனியாகக் கணக்குகள் வைத்திருந்தார்கள். 'சவப்பெட்டிகள்' என்று அவற்றுக்குப் பெயர். விடையைப் பார்த்தால் நாலு வரி இருக்கும். தேர்வு அறையில் உட்கார்ந்துகொண்டு அந்த நாலு வரியைக் கண்டுபிடிப்பது அநேகமாக முடியாத காரியம்.

இதைப் பார்த்துக்கொண்டு பெல்லா சுப்போடோவ்ஸ்காயா சும்மா இருக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். 1978இல் தம் வீட்டிலேயே வகுப்பு தொடங்கினார். திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். பெரிய கணித அறிஞர்கள் சம்பளம் வாங்காமல் பாடம் நடத்தினார்கள். பிள்ளைகளுக்கு ரொட்டி சாண்ட்விச் செய்து கொடுத்தது பெல்லா அம்மாதான். 1982இல் இந்த முயற்சியில் இருந்த இருவரைக் கைது செய்தார்கள். அம்மாவையும் சோவியத் உளவுத்துறையான கேஜிபி விசாரித்தது. அந்தச் செப்டம்பரில், ஓர் இரவு, தெருவில் லாரி மோதி இறந்துபோனார்.

அவர் வீட்டில் பாடம் சொன்னவர்களில் ஒருவர் திமித்ரி ஃபுக்ஸ். எண்ணெய், எரிவாயு பயிலகம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்த ஃப்ரெங்கலுக்கு முதல் ஆராய்ச்சிக் கணக்கைக் கொடுத்தவரும் அவர்தான். அதற்கு முன்பே பையன் பல்கலைக்கழகத்தை விட்டபாடில்லை. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும், அவனிடம் கிடையாது. வேலியேறிக் குதித்து, அவனுக்கு இடம் தராத அதே கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்து பாடம் கேட்டான்.