அந்தச் சக்கைக்கு யார் பணம் கட்டினார்?

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். மணியில் இருந்து கையை எடுங்கள் ஐயா, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

‘மனிதனைக் கடவுளிடம் சேர்ப்பது திருச்சபை அமைப்பா, அவனவன் தேடலா?’ இதுதான் இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. தேடல்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தலைமையாசிரியர் ஐயா பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தோள்சீலைப் போராட்டம் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். எதையும் மறுக்கவில்லை. 1859-இல் நம் பாட்டிமார் மேலாடை போடத் திருவிதாங்கூர் அரசாணை வந்ததற்குப் பின்னால் மிஷனரிமார் எழுதிய மனுக்களும் உண்டு. அந்த நன்றி எனக்கும் இருக்கிறது. ஆனால் உட்காரப் போகும்போது ஒரு போடு போட்டார் பாருங்கள்! ‘தேடப் போகிறவன் போகட்டும். செத்தால் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி கேட்டு எங்கள் கமிட்டியிடம்தானே வரவேண்டும்?’ என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு சக்கை, அதாவது பலாப்பழம்.

எந்தச் சபை என்று கேட்காதீர்கள். சொன்னால் எனக்கும் ஆறடி கிடைக்காது. அறுப்பின் பண்டிகை, சபையார் காணிக்கையாக வைக்கிற விளைச்சலைக் கோயிலில் ஏலம் விடுகிற நாள். மட்டி வாழைக்குலை, சேவல், சேனைக்கிழங்கு என்று வரிசையாக ஏலம் போகிறது. ஒரு பாட்டி, எழுபது தாண்டியிருக்கும், வீட்டு முற்றத்தில் காய்த்த வருக்கைச் சக்கை ஒன்றைத் தலையில் சுமந்து வந்து வைத்தார். காம்பில் பால் வடிந்துகொண்டிருந்தது.

ஏலம் ஐம்பது ரூபாயில் தொடங்கியது. சபைச் செயலர் ‘நூறு’ என்றார். அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கப் போகிறவர் தூணோரம் இருந்து ‘இருநூறு’ என்றார். செயலர் திரும்பிப் பார்த்தார். ‘ஐநூறு!’ அவர், ‘ஆயிரம்!’ அப்புறம் அங்கே யார் சக்கையைப் பார்த்தார்கள்? செயலர் ‘இரண்டாயிரம்’ என்றதும் அவர் ஆட்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். மற்றவர் ‘மூவாயிரம்’ என்றதும் இவர் ஆட்கள் அல்லேலூயா என்றார்கள். போதகர் ஐயருக்கே வியர்த்துவிட்டது. கடைசியில் செயலர் எழுந்து, ‘ஏழாயிரத்து ஐநூறு!’ ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். சக்கையைத் தோளில் தூக்கிவைத்துப் படம் பிடித்தார்கள். பால் வடிந்து வெள்ளைச் சட்டையில் அப்படியே ஒட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று கேள்வி.

இது பாதிக் கதைதான். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கிறார்கள். சபைச் சந்தா பாக்கி வைத்திருக்கிற குடும்பங்கள் இன்னார் இன்னார், இத்தனை ரூபாய். அந்தப் பாட்டி பெயரும் வந்தது. நூற்றி இருபது ரூபாய் பாக்கி. சபை நடுவில் பாட்டி எழுந்து நின்றார். கும்பிட்டுக்கொண்டு கேட்டார்: “மக்கா, எனக்க சக்கை ஏழாயிரத்தி ஐநூறுக்குப் போச்சுல்லா? அதுல நூத்தி இருவதக் கழிச்சிட்டு மிச்சத்தச் சபையே வச்சுக்கிடட்டுமே!”

பின்வரிசைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி சொல்கிறேன். நூற்றி இருபதைக் கழித்துவிட்டு, மிச்சத்தைச் சபையே வைத்துக்கொள்ளட்டும்! கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் கழிக்கப் பணம் இல்லை. செயலர் ஏலம் எடுத்ததோடு சரி, ஒரு ரூபாய் கட்டவில்லை. அந்த ஏழாயிரத்து ஐநூறு பாக்கியை எந்த ஞாயிறும் வாசிக்கவும் இல்லை. நடுவர் ஐயா, விதவை போட்ட இரண்டு காசைக் கவனித்துச் சொன்னவர் பெயரில் கட்டிய கோயில் இது. அங்கே பாட்டியின் பாக்கிக்கு மைக், செயலரின் பாக்கிக்கு பைல்!

இப்போது கல்லறைக்கு வருகிறேன். தலைமையாசிரியர் ஐயா, மோட்சம் தருகிறோம் என்று எங்கள் தாத்தாக்களைக் கூப்பிட்டீர்கள். இன்று ஆறடி மண்ணைக் காட்டியா எங்களைப் பிடித்து வைப்பது? சரி, கல்லறைக் கணக்கையே பார்ப்போம். இயேசு எந்தக் கமிட்டியில் சந்தா கட்டினார்? அவரை வைத்ததே அரிமத்தியா ஊர் யோசேப்பின் கல்லறையில். இரவல் இடம் ஐயா!

1806-இல் நம் குமரி மண்ணில் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயரைத் தெரியும்தானே? அந்த ஊர்க்காரர் மகாராசன் வேதமாணிக்கம் வழிகாட்ட, 1809-இல் மயிலாடியில் கோயில் எழுப்பியவர். சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, போட ஒரு நல்ல கோட்டு இல்லாமல் திரிந்த மனிதர். 1816-இல் ஊரை விட்டுப் புறப்பட்டார், அப்புறம் எங்கே இறந்தார் என்று யாருக்கும் தெரியாது. நமக்குச் சபை கொண்டுவந்தவருக்கே கல்லறை இல்லை! நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளையைச் சொல்லவா? அவர் சாமியாரும் இல்லை, உபதேசியாரும் இல்லை. மனைவியோடு குடும்பம் நடத்திய மனிதர். கிறிஸ்தவ விசுவாசத்தை விடாததற்காக 1752-இல் காற்றாடிமலையில் சுட்டு, உடலைக் காட்டில் வீசினார்கள். எந்தக் கோயிலில் மணி அடித்தது? பிறகு ஜனங்கள் போய் எலும்பைப் பொறுக்கிக் கோட்டாற்றில் அடக்கம் செய்தார்கள். 2022-இல் ரோமாபுரியே அவரைப் புனிதர் என்றது. அவர் சந்தா ரசீது இருந்தால் காட்டுங்கள், நான் இப்போதே எதிரணியில் உட்கார்ந்துவிடுகிறேன்.

‘ஒக்கி புயலில் ஜனங்களோடு நின்றது யார்?’ என்றும் தலைமையாசிரியர் ஐயா கேட்டார். 2017 டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் கரையோர ஜனங்களோடு மறியலில் உட்கார்ந்த பங்குத்தந்தைமாரை இந்த மேடையில் இருந்தே கும்பிடுகிறேன். எந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு அவர்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள்? மணி அடித்துவிட்டீர்களா? ஒரே நிமிஷம் ஐயா.

என் அம்மா கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தாள். பார்வை போய்விட்டது. நாற்பது வருஷம் கோயில் பாயில் உட்கார்ந்து பாடினவள். ஜெபக்குழு வரும், பாடும், காணிக்கைப் பை சுற்றும், போகும். குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் நூறு வீடு. ஆனால் தினமும் சாயங்காலம் வந்தது பக்கத்து வீட்டு அக்கா. இசக்கியம்மனுக்கு விளக்கு வைத்துவிட்டு, நெற்றியில் குங்குமத்தோடு வந்து, அம்மாவின் வேதப்புத்தகத்தை எடுத்து இருபத்துமூன்றாம் சங்கீதம் வாசிப்பாள். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாள். அம்மா, “இன்னொரு தடவை வாசி மக்களே” என்பாள். அக்கா முதலில் இருந்து வாசிப்பாள். மழைநாளில்கூடத் தலையில் முறத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த அறையில் அம்மா அழுததையும் பார்த்திருக்கிறேன், சிரித்ததையும் பார்த்திருக்கிறேன். பயந்து மட்டும் பார்க்கவில்லை.

அந்த அக்கா இங்கேதான் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். வெட்கப்படாமல் எழுந்து நில்லுங்கள் அக்கா. எனக்குத் தட்டிய கையை அவளுக்குத் தட்டுங்கள். நடுவர் ஐயா, கைதட்டல் ஓயட்டும், அப்புறம் தீர்ப்பைச் சொல்லுங்கள். வணக்கம்.