காட்டுக்கு பூட்டு போட்டா ஆசைக்கு யாரு பூட்டு போடுறது?

நடுவர் அவர்களே, காட்டை வாழ வைக்கிறது "வெட்டாதே"ங்கிற தடையா, "வெட்டினா வளர்த்துக் குடு"ங்கிற கடமையா? நான் கடமை பக்கம்.

எதிரணித் தலைவர் வந்ததுமே சீனாவ தூக்கிக் காட்டுனாரு, 1998ல யாங்சி ஆத்துல வெள்ளம் வந்துச்சு, இயற்கைக் காட்டுல வெட்டுறதுக்கு தடை போட்டாங்க, காடு பிழைச்சுதுன்னு. பிழைச்சுது, நான் மறுக்கலைங்க. ஆனா கட்டில் செய்யுறவன் உளிய கீழ வெச்சுட்டானா? ரஷ்யாவுல இருந்து ரயில்லயும் மியான்மர்ல இருந்து லாரிலயும் மரம் வந்து இறங்குச்சு. தாய்லாந்து 1989லயே தடை போட்டுச்சு, அங்கயும் இதே கதைதான், பக்கத்து நாட்டுத் தேக்கு சாய்ஞ்சுது.

சுவீடன்ல 1903லயே வெட்டினவன் திரும்ப காடு வளர்க்கணும்னு சட்டம் வந்தாச்சு. இன்னிக்கும் அரை ஹெக்டேருக்கு மேல மொத்தமா வெட்டணும்னா ஆறு வாரம் முன்னாடியே வனத்துறைக்கு சொல்லணும், வெட்டுனதுக்கு அப்புறம் மூணு வருஷத்துக்குள்ள நடவோ விதைப்போ நடந்திருக்கணும். "அது காடா, மரத்தோட்டம்"னு எதிரணியில ஒருத்தர் கிண்டலடிச்சாரு. அந்த அடி கொஞ்சம் வலிக்குது, உண்மையும் இருக்கு, 1993 சட்டத்துல உற்பத்தியும் சுற்றுச்சூழலும் சமம்னு எழுதுனாங்க, நிஜமாவே சமமா இருக்கான்னு அங்க இன்னும் சண்டை ஓடுது.

சரி, சுவீடன் பணக்கார நாடுன்னு தள்ளிடுவீங்க, நேபாளத்துக்கு வாங்க. 1957ல தனியார் காட்டையெல்லாம் அரசுடைமைன்னு எழுதுனாங்க. எழுதுன அன்னிக்கே அது யாரோட காடோ ஆயிப்போச்சு, நேத்து வரைக்கும் காவல் காத்தவனே ராத்திரி கோடாலியோட போனான். அப்புறம் 1993 வனச்சட்டம், காட்டைப் பயன்படுத்துற ஊர்க்காரங்க பயனாளர் குழுவா சேருங்க, எந்தப் பகுதியில எவ்ளோ விறகு, எந்த மாசம் புல்லு அறுக்கலாம், எந்த மரத்த தொடக்கூடாதுன்னு நீங்களே திட்டம் எழுதிக் குடுங்க, காடு உங்க கையிலன்னு சொல்லுச்சு. இப்போ 20,000க்கும் மேல குழுக்கள் இருக்கு. காட்டுப் பரப்பு 1992ல 26 சதவீதம், 2016ல 45ன்னு ஆய்வு சொல்லுது. வாலிபப் பசங்க வெளிநாட்டு வேலைக்குப் போயிட்டாங்க, அதனால காடு வளந்துச்சும்பீங்க, அதுவும் ஒரு காரணம்தான், இருக்கட்டும். ஆனா பக்கத்து வீட்டுக்காரன் பச்சை மரத்துல கை வெச்சா அபராதம் போடுறது அதிகாரி இல்லைங்க, அதே ஊர்க் குழு.

மணி அடிக்கிறாங்க. எதிரணி முதல்ல இந்த 1957க்கு பதில் சொல்லிட்டு, அப்புறமா சீனாவுக்குப் போகட்டும்.