கிளட்ச் தாங்கும் சூடு

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் கியர்பாக்ஸ் வேலை பார்க்கிற பட்டறைக்காரன் நான். நின்ற இடத்திலிருந்து காரை முழு வேகத்தில் பாயவைக்கிற கம்ப்யூட்டர் வசதியான லாஞ்ச் கன்ட்ரோல் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தில் கேட்டார்கள். உடனே சரி என்றேன். வேகமான கார் வாங்குகிற பிள்ளைகள் சாவி கைக்கு வந்ததும் கேட்பது இதைத்தான்: "அண்ணே, இதுல லாஞ்ச் எப்படிங்க போடறது?"

போடுவது சுலபம். இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். ஸ்போர்ட் மோடுக்கு மாற்றி, இடது காலால் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலால் ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதிக்க வேண்டும். இன்ஜின் கத்தும்; ஆனால் இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஓரளவுக்கு மேல் ஏறாமல் நிற்கும். பிரேக்கிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் வண்டி பாயும். காருக்குக் கார் முறை மாறும், கூட வரும் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 3 விநாடியில் தொட வேண்டுமானால், பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தில் கிட்டத்தட்ட 94 சதவீதம் தேவை. அதை மொத்தமாகத் தரவேண்டியது டயரும் தார்ச்சாலையும் ஒட்டுகிற அந்த நான்கு உள்ளங்கை அகலம்தான். டயர் கொஞ்சமாக வழுக்கும்போதுதான் பிடிப்பு அதிகம். கூடுதலாக வழுக்கினால் புகைதான் மிச்சம். அந்த நூலளவை மனிதக் காலால் பிடித்து வைப்பது கஷ்டம். சக்கர வேகத்தை விநாடிக்குப் பலமுறை பார்த்து, இன்ஜின் இழுவையையும், அதைச் சக்கரத்தோடு சேர்த்துப் பிரிக்கிற கிளட்சையும் கூட்டிக் குறைக்கிற கம்ப்யூட்டரால் முடியும்.

இதனால்தான் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இது பெரிய சர்ச்சையானது. 1994-இல் மின்னணு உதவிகளைத் தடை செய்தார்கள், 2001-இல் திரும்ப அனுமதித்தார்கள், 2004-இல் லாஞ்ச் கன்ட்ரோலை மறுபடி விலக்கினார்கள். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக இறங்கியபோது, ஸ்டியரிங்கில் இருக்கும் கிளட்ச் நெம்புகோலைத் தன் விரலாலேயே விட்டுத்தான் கிளம்ப வேண்டியிருந்தது. எனக்கு அதுதான் பிடிக்கும், சொல்லிவிடுகிறேன்.

இனி என் தொழில் விஷயம். கம்ப்யூட்டர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டாலும் உரசுவது கிளட்ச் தகடுதான். இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கிறது, சக்கரம் நிற்கிறது. இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும்வரை உரசல்தான், உரசல் என்றால் சூடு. 1,500 கிலோ எடையுள்ள கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச் முழுசாகப் பிடிக்கிறது என்று வையுங்கள். அதுவரை வண்டிக்குப் போன சக்தி எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே கிளட்சில் சூடாகத் தங்கும். சுமார் 90 கிலோஜூல். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். ஓரிரு விநாடியில், சில தகடுகளுக்கு நடுவில்!

ஒரு தடவை செய்தால் தாங்கும், அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். ஆற விடாமல் அடுத்தடுத்துப் போட்டால் கதை வேறு. அப்படிப்பட்ட வண்டியில் கிளட்சைப் பிரித்தால் இரும்புத் தகடுகளில் திட்டுத்திட்டாக நீலம் பாய்ந்திருக்கும். ஆயில் கறுத்து, தீய்ந்த நெடி அடிக்கும். சில கார்கள் சூடு ஏறினால் லாஞ்ச் கொடுக்கவே மறுக்கும். சிலவற்றில் எத்தனை முறை போட்டீர்கள் என்பதும் பதிவாகும். வாரண்டி கேட்கும்போது தெரியவரும்.

பைபாஸில் போட்டுப் பார்க்கிறேன் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள். ஓரமெல்லாம் மணல், எதிர்த் திசையில் வரும் டிவிஎஸ் எக்ஸ்எல்லும் உண்டு. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு பாயும். ஆசை இருந்தால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. தனியார் ஓட்டத்துக்கு என்றைக்கு விடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகள் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இதே சூட்டைச் சாதாரணக் குடும்பக் காரிலும் உண்டாக்குகிறோம், அதுவும் ஏற்காடு ஏறும்போது. மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி நகராமல் நிற்கும். பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை லேசாகக் கொடுத்தே சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்துவார்கள் பலர். கிளட்ச் தகட்டுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் வண்டியில் கவலை குறைவு. கம்ப்யூட்டரே கிளட்சை இயக்குகிற இரட்டை கிளட்ச், ஏஎம்டி வகை ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கிளட்ச் வேகிறது என்று அர்த்தம். சின்னக் கார்களில் பல கிளட்ச்கள் ஆயிலில் மூழ்காத உலர் வகை. ஆறுவதற்கு நேரமாகும்.

அதனால் மலையில் வண்டி நின்றால் பிரேக்கை முழுசாக மிதித்து நிறுத்துங்கள். முன்வண்டியோடு ஒட்டி ஊர வேண்டாம். இரண்டு கார் நீளத்துக்கு இடம் விழட்டும், அப்புறம் ஒரே மூச்சில் நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். கியர்பாக்ஸ் சூடு என்று எச்சரிக்கை விளக்கு வந்தால், அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பார்க்கிங் நிலையான 'பி' இருந்தால் பி-யில், இல்லாவிட்டால் நியூட்ரலில் போட்டு, விளக்கு அணையும்வரை இறங்கி நில்லுங்கள்.