டோஸ்ட்டின் மேல் ஒரு பட்டாளத்துச் சாப்பாடு

வணக்கம் நேயர்களே.

சாப்பாட்டைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டபோது, நான் சாம்பாரையோ பிரியாணியையோ எடுத்துக்கொள்வேன் என்றுதான் நிலையத்தில் நினைத்திருப்பார்கள். அவற்றைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில், குறிப்பாக நான் இருக்கும் பென்சில்வேனியாவில், காலைச் சாப்பாட்டுக் கடைகளில் கிடைக்கும் ஒரு பண்டம். கிரீம்டு சிப்டு பீஃப் என்று பெயர். உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சிச் சீவலை வெண்ணெயில் புரட்டி, மைதா தூவி, பால் ஊற்றிக் கொதிக்கவிட்டு, டோஸ்ட்டின் மேல் ஊற்றித் தருவார்கள். அவ்வளவுதான்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ரேடியோவை அணைத்துவிட வேண்டாம். கடைசியில் உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன், நேரம் இருந்தால்.

பார்ப்பதற்கு ஒன்றும் அழகாக இருக்காது. வெளிறிய சாஸ், அதற்குள் சிவப்புச் சிவப்பாகத் துணுக்குகள், மேலே கறுப்பாக மிளகுத்தூள். கல்யாணப் பந்தியில் வைத்தால் யாரும் சீண்ட மாட்டார்கள். ஆனால் ஜனவரி மாதத்தில், வெளியே பனி கொட்டிக்கிடக்கும்போது, மாதக் கடைசியில் கையில் காசும் இல்லாதபோது, கால் மணி நேரத்தில் நாலு பேருக்குச் சூடாக வயிறு நிறைய வேண்டுமென்றால் நான் இதைத்தான் செய்வேன். இந்தப் பண்டத்துக்கு ஊரெல்லாம் கெட்ட பெயர் உண்டு. அது பண்டத்தின் குற்றமில்லை, அண்டாவின் குற்றம் என்பது என் கட்சி. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் இறைச்சி. கடையில் டின் மீன் வைத்திருக்கும் வரிசையில் போய்ப் பாருங்கள், சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று இருக்கும். உள்ளே வட்ட வட்டமாக, காகிதம் மாதிரி மெல்லிசாகச் சீவிய இறைச்சியை நெருக்கிச் சுருட்டி வைத்திருப்பார்கள். உப்பும் சர்க்கரையும் நைட்ரைட்டும் சேர்த்துப் பதப்படுத்தி, உலர்த்தி, அழுத்திச் சீவியது. பயணத்துக்கு எடுத்துப்போகும் ஜெர்க்கி வேறு, இது வேறு. ஜெர்க்கி பல்லோடு மல்லுக்கட்டும். இது மெல்லிசு, வளையும், பாலில் விழுந்ததும் இளகிவிடும். நம் ஊர் உப்புக்கண்டத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி உறவு என்று வைத்துக்கொள்ளலாம். உப்புக்கண்டம் போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. அதிலேயே எல்லா உப்பும் இருக்கிறது. மேலே உப்பு போடக் கூடாது. இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சமையலில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உலர்ந்த இறைச்சி, மைதா, ஏதோ ஒரு கொழுப்பு, டின் பால், பழைய ரொட்டி. இதில் ஒன்றுகூடக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டியதில்லை. அதனால்தான் ராணுவம் இதைப் பிடித்துக்கொண்டது. மூட்டையிலும் பெட்டியிலும் போட்டு எந்த முகாமுக்கும் அனுப்பலாம். 1929க்குப் பிறகு வந்த பெருமந்தக் காலத்தில் வீட்டுக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம். கொஞ்சம் இறைச்சியை வைத்துக்கொண்டு நிறைய வயிற்றை நிரப்பும் வேலையைப் பாலும் மாவும் பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்க ராணுவச் சமையல்காரர்களுக்கென்று 1910இல் வந்த கையேட்டில் இதன் மூதாதை இருக்கிறது. அறுபது பேருக்கான கணக்கு. உலர்ந்த மாட்டிறைச்சிச் சீவல் 15 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 7 கிலோ. மாவு ஒன்றேகால் பவுண்டு. கொழுப்பு, முடிந்தால் வெண்ணெய். மாட்டெலும்புச் சாறு 6 குவார்ட், ஏறக்குறைய ஐந்தே முக்கால் லிட்டர். டின் பால் எவ்வளவு தெரியுமா? இரண்டே இரண்டு டின். அறுபது பேருக்கு! போதாதற்கு மாவைக் கொழுப்பில் சிவக்க வறுக்கச் சொல்கிறது கையேடு. ஆக, அன்றைய சிப்பாய் சாப்பிட்டது வெள்ளைச் சாஸ் கிடையாது, பழுப்பு நிறக் குழம்பு. இன்றைக்கு நாம் பார்க்கும் வெள்ளை வெளேர் கோலமெல்லாம் பால் தாராளமாகச் சேர்ந்த பிறகு வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கணக்கில் ஆளுக்குக் கால் பவுண்டு உலர்ந்த இறைச்சி விழுகிறது. என் வீட்டில் கால் பவுண்டுக்குச் சற்றுக் கூடுதலான ஒரு குப்பியில் நாலு பேர் சாப்பிடுகிறோம். பட்டாளத்துச் சாப்பாடு என்றால் அரைவயிற்றுச் சாப்பாடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உப்புதான் தொண்டையைப் பிடித்திருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் இதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். எஸ்.ஓ.எஸ். அதன் பின்பாதி, கூரைக்குப் போடும் மரச் சில்லின் மேல் என்று அர்த்தம். அந்தச் சில்லுதான் டோஸ்ட். முன்பாதியை நான் இந்த மைக்கில் சொன்னால் அடுத்த வாரம் என்னைக் கூப்பிட மாட்டார்கள். நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். பென்சில்வேனியாவின் சின்ன ஊர்களில் தீயணைப்பு நிலையங்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள் நடத்துபவை. பகலில் மெக்கானிக்காகவோ ஆசிரியராகவோ இருப்பவர், சைரன் ஊதினால் வண்டியில் ஏறுவார். இதற்கு நீண்ட மரபு உண்டு. பெஞ்சமின் ஃபிராங்ளின் 1736இலேயே ஃபிலடெல்ஃபியாவில் அப்படி ஒரு தீயணைப்புச் சங்கத்தைத் தொடங்கினார். வண்டிக்கும் குழாய்க்கும் பணம் வேண்டுமே? அதற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நிலையத்துக் கூடத்தில் காலைச் சாப்பாடு போட்டு வசூல் செய்வார்கள். காசைக் கட்டிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். முட்டை, பேன்கேக், வறுத்த உருளைக்கிழங்கு, கூடவே பல ஊர்களில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய நம்முடைய கிரீம்டு சிப்டு பீஃப்.

நான் இங்கே வந்த புதிதில், எங்கள் தெருக்காரர் ஒருவர் அப்படி ஒரு சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சமையல் வேலை பார்த்தவர். எழுபது தாண்டியவர். போகிற வழியெல்லாம், "அந்த வெள்ளைக் கூழை மட்டும் தொடாதே, வாழ்நாளுக்குப் போதுமான அளவு நானே கிண்டியிருக்கிறேன்" என்று திட்டிக்கொண்டே வந்தார். உள்ளே போனதும் தட்டை எடுத்தார். முட்டையைத் தாண்டினார். பேன்கேக்கைத் தாண்டினார். நேரே போய் அந்தப் பாத்திரத்தின் முன்னால் நின்று கரண்டியை விட்டு ஒரு கிளறு கிளறினார். கரண்டியைத் தூக்கி, சாஸ் எப்படி வழிகிறது என்று பார்த்தார். பரிமாறிக்கொண்டிருந்த பையனிடம், "இது எத்தனை மணியிலிருந்து சூட்டில் இருக்கிறது?" என்று கேட்டார். பையன் முழித்தான். "கொஞ்சம் பால் கொண்டுவா" என்றார். அவனும் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். இவர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, மேலே படிந்திருந்த ஆடையை ஓரமாக ஒதுக்கி எறிந்துவிட்டு, மறுபடி கரண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் ஊற்றிக்கொண்டார். பின்னால் வரிசையே நின்றுபோயிருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதோடு முடிந்ததா? மேஜையில் எதிரே கடற்படைக்காரர் ஒருவர். அவரும் கிழவர். அவர் ஆரம்பித்தார்: உண்மையான எஸ்.ஓ.எஸ். என்றால் கொத்துக்கறியில் தக்காளி போட்டுச் செய்வது, ஜாதிக்காய்கூடச் சேர்ப்போம், இந்த வெள்ளையெல்லாம் யார் கேட்டது என்று. எங்கள் ஆள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கப்பலில் இருப்பவனுக்கு ரொட்டியைப் பற்றி என்ன தெரியும் என்றார். நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டேன். காப்பி ஆறும்வரை சண்டை நடந்தது. இருவரும் இரண்டாவது முறை எழுந்துபோய் வாங்கிக்கொண்டு வந்தார்கள், அதே வெள்ளையை.

அவர் அந்தப் பையனிடம் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதில்தான் விஷயமே இருக்கிறது. இந்தச் சாஸ் மைதாவால் கெட்டியாவது. மாவுச்சத்து சூட்டில் தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்புகிறது. அடுப்பிலிருந்து இறக்கின நிமிஷத்தில் தோசைமாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கும். மணிக்கணக்கில் சூட்டிலேயே வைத்தால் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, சாஸ் இறுகுகிறது, மேலே ஆடை கட்டுகிறது, உப்பு ஏறிக்கொண்டே போகிறது. நூறு பேருக்கு அண்டாவில் செய்து, கடைசி ஆள் வரும்வரை வைத்திருந்தால், அந்தக் கடைசி ஆள் கெட்ட பெயர் வைக்காமல் என்ன செய்வான்? வீட்டில் நாலு பேருக்குச் செய்து உடனே சாப்பிடுகிறவருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை.

ஐயையோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். செய்முறைக்கு வந்துவிடுகிறேன்.

நாலு பேருக்கு ஒரு குப்பி, நாலரை அவுன்ஸ், சுமார் 128 கிராம். வெண்ணெய் நாலு மேஜைக்கரண்டி, மைதா நாலு மேஜைக்கரண்டி, பால் இரண்டு கப். வெண்ணெயும் மாவும் சம அளவு, ஒரு கப் பாலுக்கு இரண்டிரண்டு கரண்டி. இந்தக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

சீவலைச் சல்லடையில் போட்டு மேலே கொதிநீர் ஊற்றி வடித்துவிடுங்கள். பாதி உப்பு அதிலேயே போகட்டும். துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டுக் கையாலேயே கிழித்துப் போடுங்கள். வாணலியில் வெண்ணெய் உருகியதும் சீவலைப் போட்டு மிதமான தீயில் புரட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் ஓரங்கள் சுருண்டு மேலே எழும்பும், அடியில் ஒரு பழுப்பு விழும். அந்தச் சுருள் வரும்வரை பாலைத் தொடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இப்படி முறுக வதக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். வாசனையெல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

அப்புறம் மைதாவைத் தூவி, பச்சை வாசனை போக இரண்டு நிமிஷம் கிளறுங்கள். அவசரப்படுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். மாவுத் துகள் ஒவ்வொன்றையும் வெண்ணெய் சூழ்ந்துகொண்டால் பால் ஊற்றும்போது கட்டி தட்டாது. பாலை ஒரேயடியாகக் கவிழ்க்காமல், கால் கப், கால் கப்பாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். முதலில் பசை மாதிரி இறுகும், பயப்பட வேண்டாம், பால் சேரச் சேர இளகிவிடும். கடைசியில் ஒரு கொதி கட்டாயம் வர வேண்டும், அப்போதுதான் முழுதாகக் கெட்டியாகும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும். அவ்வளவுதான், இறக்கிவிடலாம். மிளகுத்தூள் தாராளமாக. உப்பு? போடக் கூடாது. சொல்லிவிட்டேன்.

டோஸ்ட்டை நன்றாகச் சிவக்க வாட்டுங்கள். ஒரு நாள் பழைய ரொட்டி இன்னும் நல்லது. உட்கார்ந்த பிறகு தட்டில் வைத்து ஊற்றுங்கள், முன்னாலேயே ஊற்றி வைத்தால் ஊறிப்போகும். வறுத்த உருளைக்கிழங்கின் மேலும் ஊற்றலாம், எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கும்.

சிக்கனம் என்று சொல்லிவிட்டுக் குப்பி விலையைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பவுண்டுக் கணக்குப் பார்த்தால் இன்றைக்குக் குப்பி இறைச்சி கொத்துக்கறியைவிட விலை அதிகம். ஆனால் ஒரு குப்பி நாலு தட்டுக்கு வருகிறது. அதுவும் கட்டவில்லையென்றால் பிளாஸ்டிக் பாக்கெட்டில் வரும் மெல்லிய மாட்டிறைச்சிச் சீவல் போதும், உப்பும் குறைவு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எப்படியும் எப்போதாவது மட்டும்.

காலிக் குப்பியைப் பழரச டம்ளராக வைத்துக்கொள்ளும் வீடுகளைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் இல்லை. டின் பால் வந்த கதையும் போச்சு.

இறைச்சி வேண்டாதவர்களுக்கு, வாக்குக் கொடுத்தேனே: கால் கிலோ காளானை மெல்லிசாக நறுக்கி, வெண்ணெயில் தண்ணீர் வற்றி ஓரம் சிவக்கும்வரை வதக்கி, மற்றதெல்லாம் அதேபடி. இதற்கு மட்டும் உப்பு போட்டுக்கொள்ளுங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் ஒரு வாய் பால் விட்டுச் சிறு தீயில் கலக்கினால் சரியாகிவிடும். ஃபிரீசரில் மட்டும் வைக்காதீர்கள், மைதாச் சாஸ் திரிந்து தண்ணீர் விட்டுவிடும். விளக்கு எரிந்துவிட்டது, வணக்கம்.